கணக்கு நம் கைக்கு வரட்டும்

(நமது சங்கத்தின் எல்லைப் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேவிகுளம், பீருமேடு மலைகளுக்கும் நெல்லியாம்பதிக்கும் நம் பாட்டன்மார் பிழைக்க வந்த காலத்தில் கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அவர் சொன்னதுதான். கங்காணி முறை ஒழிந்தது. பேரேடு அலுவலகத்துக்குப் போயிற்று. இன்று அந்தப் பேரேடு கணினிக்குள் இருக்கிறது. நம் கைக்கு மட்டும் அது இன்னும் வரவில்லை.

கணக்கு அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்களே, எதற்காக? போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 20 சதவீதம் கேட்டு. பெம்பிளை ஒருமை என்று நாடறிந்த அந்தப் போராட்டம் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 என்று வென்றது. அடுத்த மாதம் 232 ரூபாய் நாள் கூலி 301 ரூபாய் ஆயிற்று. உரிமையை வீதியில் வென்றோம். வென்றது ஒவ்வொருவர் சம்பளச் சீட்டிலும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை? அதுவும் நம் வேலைதான்.

கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் கூலி. கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறுக்கு மேல் இருந்தால் அதையும் முழு ஆண்டாகச் சேர்க்க வேண்டும். இது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு; இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதுவே. ஒரு தாய் 29 ஆண்டு 7 மாதம் கொழுந்து பறித்தார்; கடைசி நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆண்டு என்று போட்டால் 1,80,000 ரூபாய். 29 என்று போட்டால் 1,74,000. ஒரே ஓர் எண்ணில் 6,000 ரூபாய் போய்விட்டது!

முந்நூறு பேர் கணக்கைக் கையால் சரிபார்க்க, ரயில்வேயில் கணக்கெழுதிப் பழகிய எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கே பல இரவுகள் வேண்டும். விரிதாளில், அதாவது பிள்ளைகள் எக்செல் என்று சொல்வதில், ஒரு வரிக்கு ஓர் ஆள் என்று ஏற்றிவிட்டால், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். அதற்கு நாம் எழுதித் தரும் உத்தரவுக்குத்தான் நிரல் என்று பெயர். ஒவ்வொரு வரியாகப் படி. மாதம் ஆறுக்கு மேல் இருந்தால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டு. 15ஆலும் நாள் கூலியாலும் பெருக்கு. கொடுத்த தொகை அதைவிடக் குறைந்தால் அந்தப் பெயரைத் தனித்தாளில் எழுது. இவ்வளவுதான். வரிவரியாகப் போவதற்கு 'ஃபார்', இருந்தால் என்பதற்கு 'இஃப்'. இப்படி ஒரு பிடிச் சொற்கள் தெரிந்தால் தொடங்கலாம். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் என்ற மொழிக்கு யாருக்கும் காசு கட்ட வேண்டாம்.

யார் கற்றுத் தருவார்? நம் பிள்ளைகள்தான். கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் நிறுவனமாயிற்று. விரிதாளும் பைத்தானும் உயர்நிலை வகுப்புகளின் பாடத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் அதை மார்க்குக்காகப் படிக்கிறார்கள். அம்மாவின் சம்பளச் சீட்டுக்காகவும் படிக்கட்டுமே!

இயந்திரம் வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் நியாயமானது. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணிப்பொறி வராதபடி வாசலில் காவல் இருந்தார்கள். ரயில்வேயில் 1980களின் நடுவில் தில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, கையெழுத்துப் பேரேடுகளையே அகற்றிவிட்டது. கணினி வந்தேவிட்டது. அது நிர்வாகத்தின் மேசையில் மட்டும் இருப்பதா, நம் பக்கமும் பேசுவதா என்பதே இன்றைய கேள்வி.

சில எச்சரிக்கைகள். அசல் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். முதல் பத்துப் பேர் கணக்கைக் கையாலும் போட்டு ஒப்பிடுங்கள். உத்தரவு தப்பானால் முந்நூறு வரியும் தப்பாகும். ஒருவர் சம்பள விவரத்தை அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு வரும் நம் சகோதரிகளில் எத்தனை பேர் கையில் சீட்டு இருக்கிறது? எழுதாத கூலியை எந்தக் கணினியும் கூட்டித் தராது. அவர்களுக்கு முதல் பாடம் ஒரு பள்ளி நோட்டு. தேதி, தோட்டம், நேரம், வாங்கிய கூலி ஆகியவற்றை அன்றன்று மாலையே எழுத வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் இரண்டு பிள்ளைகளையும், சீட்டு வாசிக்கத் தெரிந்த ஒரு தாயையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டுகிறோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கூடுவோம். முதல் வேலை, அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர்களின் கிராஜுவிட்டிக் கணக்கு. அவர்கள் அலுவலக வாசலில் நிற்கும்போது கையில் மனு மட்டும் போதாது. பைசா சுத்தமாகப் போட்ட கணக்கும் இருக்க வேண்டும்.