எத்தனை ஓட்டு, எங்கே விழுந்த ஓட்டு



2006 மே 11. தமிழக சட்டமன்றத் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை நாள். கட்சி தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத விஜயகாந்தின் தே.மு.தி.க., யாரோடும் கூட்டணி சேராமல், ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் ஆள் நிறுத்தியிருந்தது. எண்ணி முடித்தபோது அந்தக் கட்சிக்கு மாநிலம் முழுக்க 27 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் அதற்குப் போட்டிருந்தார்கள். கிடைத்த இடமோ ஒன்றே ஒன்று. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். அங்கே விஜயகாந்த் மட்டும் ஜெயித்தார்.

ஐந்து வருடம் கழித்து 2011. அதே கட்சி வாங்கிய ஓட்டு சதவீதம் 8.38-லிருந்து 7.88 ஆகக் குறைந்தது. இடங்களோ ஒன்றிலிருந்து 29 ஆக ஏறின. விஜயகாந்த் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார்.

ஓட்டு சதவீதம் இறங்குகிறது, இடம் ஏறுகிறது. இதில் மாயம் எதுவும் கிடையாது. 2006-ல் அந்தக் கட்சியின் ஓட்டு கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மெல்லிசாகப் பரவிக் கிடந்தது. ஒரு தொகுதிக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று வாங்கினால் மூன்றாம் இடம்தான். 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 41 தொகுதிகளில் மட்டும் நின்றது. அந்த 41 இடங்களிலும் கூட்டணியின் ஓட்டு மொத்தமும் ஒரே சின்னத்தில் குவிந்தது.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலிலேயே இதன் மறுபக்கத்தைப் பார்த்த மண் இது. 1952-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தனிப்பெரும் கட்சிதான், ஆனால் பெரும்பான்மைக்கு வெகு தூரம். அந்தத் தேர்தலில் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. மாகாணம் முழுவதற்குமான கட்சி என்று அதை யாரும் சொல்ல முடியாது. அதன் பலம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், கடலூரைச் சுற்றிய வட்டாரத்தில் இறுகிக் கிடந்தது. வடாற்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு ஆறு இடங்கள். ராஜாஜி ஆட்சி அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானபோது ராமசாமி படையாச்சியும் அமைச்சரவைக்குள் வந்தார். மாகாண மொத்தத்தில் சிறு துண்டாக இருந்த ஓட்டு, ஓரிடத்தில் குவிந்து விழுந்ததால் ஆட்சியில் பங்கு வாங்கித் தந்தது. 54 வருடம் கழித்து, 27 லட்சம் ஓட்டு வாங்கிய கட்சி ஒற்றை ஆளோடு சபைக்குப் போனது.

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் ஊர் டீக்கடையிலும் ஒரு கேள்வி எழும். “அதிக ஓட்டு வாங்கினவர் எப்படித் தோற்பார்?” நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் வரலாற்றைத் திருப்பிப் போட்ட 1967 தேர்தலிலேயே அது நடந்தது. அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு அதிக ஓட்டு என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் தி.மு.க. என்பார்கள். உண்மையில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 62 லட்சத்து 93 ஆயிரம், தி.மு.க. வாங்கியது சுமார் 62 லட்சத்து 30 ஆயிரம். சதவீதத்தில் 41.10-க்கு 40.69. இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. அண்ணா முதலமைச்சரானார். காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார்.

இந்த எண்களைக் காட்டி, “அப்படியானால் மக்கள் தீர்ப்பு காங்கிரசுக்குத்தானே?” என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. காங்கிரஸ் நின்றது 232 தொகுதிகளில். தி.மு.க. நின்றது 174-ல். மீதித் தொகுதிகளைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி முதலான கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்திருந்தது. கூட்டணியின் ஓட்டைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். ஆக, கட்சிகளின் மொத்த ஓட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். யார் எங்கே நின்றார்கள், எங்கே நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரே மனிதரின் மூன்று தேர்தல்களைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். 2016-ல் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் தொல். திருமாவளவன் 48,363 ஓட்டு வாங்கினார். எதிர்த்து நின்ற அ.தி.மு.க. வேட்பாளர் முருகுமாறன் 48,450. வித்தியாசம் 87. ஒரு தெருவில் இருக்கிற ஓட்டு.

மூன்று வருடம் கழித்து, 2019 மே 23. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியின் எண்ணிக்கை. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவிலோடு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னமும் சேர்ந்த பெரிய தொகுதி அது. எண்ணிக்கைக் கூடத்துக்குள் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேசைகள், பொதுவாக ஒரு சுற்றுக்குப் பதினான்கு. இந்தப் பக்கம் கட்சி ஏஜெண்டுகள், கையில் 17-சி படிவத்தின் நகல். வாக்குப்பதிவு முடிந்த அன்றைக்கு அந்தந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிக் கொடுத்த தாள் அது. இயந்திரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள், சீல் சரியா என்று பார்க்கச் சொல்வார்கள், ‘ரிசல்ட்’ பொத்தானை அழுத்துவார்கள். வேட்பாளர் வாரியாக எண்கள் வரிசையாக ஓடும். ஏஜெண்ட் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கூட்டி, 17-சி-யோடு ஒத்துப் பார்ப்பார். திருமாவளவனின் கூட்டணியில் மற்ற வேட்பாளர்கள் பலர் லட்சக்கணக்கில் முன்னே போய்க்கொண்டிருந்த நாளில், சிதம்பரத்தில் மட்டும் கடைசி வரை இழுபறி. முடிவில் திருமாவளவனுக்கு 5,00,229. அ.தி.மு.க.வின் சந்திரசேகருக்கு 4,97,010. வித்தியாசம் 3,219. பத்து லட்சம் ஓட்டை இரண்டாகப் பிளந்தது போன்ற தேர்தல்.

2024-ல் அதே தொகுதியில் அவருடைய வித்தியாசம் 1,03,554.

87-ல் தோற்றாலும் தோல்விதான், 3,219-ல் ஜெயித்தாலும் ஒரு லட்சத்தில் ஜெயித்தாலும் நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கைதான். வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் விழுகிற ஓட்டு பெருமை சேர்க்கும், இன்னோர் இருக்கையைச் சேர்க்காது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அமெரிக்கத் தேர்தல் முழுவதும் பிடிபட்டுவிடும்.

அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் 538 தேர்வாளர்கள். மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு. 270 பேரைப் பிடித்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் யார் ஓர் ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. அதாவது மாநிலமே ஒரு தொகுதி மாதிரி. 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க டிரம்பைவிடச் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார். கலிபோர்னியாவில் மட்டும் அவருடைய முன்னிலை 40 லட்சத்துக்கும் மேல். அங்கே ஓர் ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 55 தேர்வாளர்கள்தான். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களை டிரம்ப் சேர்த்துப் பிடித்த வித்தியாசம் 78 ஆயிரத்துக்கும் குறைவு. சிதம்பரத்தில் 2024-ல் வந்த ஒற்றைத் தொகுதி வித்தியாசத்தைவிடச் சிறியது. அந்த 78 ஆயிரம்தான் வெள்ளை மாளிகையை முடிவு செய்தது.

2000-ல் அல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிகம் வாங்கி, புளோரிடாவில் 537 ஓட்டில் விட்டார். அதிபர் ஆனவர் ஜார்ஜ் புஷ். 2024-ல் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம் மக்கள் கமலா ஹாரிசுக்காகத் தர்ம சாஸ்தா கோயிலில் பூசை செய்தார்கள். அந்த ஊர் அவருடைய தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீகம். அந்த முறை குழப்பம் ஏதும் வரவில்லை. மக்கள் ஓட்டிலும் டிரம்ப் முந்தினார், தேர்வாளர் கணக்கிலும் 312-க்கு 226 என்று முந்தினார்.

எல்லைக் கோடே போடாமல், நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் எந்த ஊர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. 2005-ல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ரணில் விக்ரமசிங்கவை அவர் முந்தியது 1,80,786 ஓட்டில். அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கும்படி விடுதலைப் புலிகளின் செல்வாக்கு இருந்த வடக்கில் நெருக்குதல் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்துப் பட்டியலில் ஏழு லட்சம் பேர், ஓட்டுப் போட்டவர்கள் ஒரு சதவீதம் சொச்சம். போரால் இடம்பெயர்ந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்றாலும், வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. பத்து வருடம் கழித்து 2015-ல் அதே தமிழ்ப் பகுதிகள் ஓட்டுச்சாவடிக்கு வந்தன. மைத்திரிபால சிறிசேன நாடு முழுக்க ராஜபக்சவை முந்தியது சுமார் நாலரை லட்சத்தில். வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் அவருக்குக் கிடைத்த முன்னிலை அதைவிட அதிகம். ஒரே அளவில் எண்ணப்படும் தேர்தலில் சிறுபான்மையினரின் ஓட்டு எவ்வளவு கனம் பெற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. அதே சமயம், வராத ஓட்டு எவ்வளவு கனமானது என்பதற்கு 2005.

நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பொதுமக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். ஆனால் அந்த எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்குள் மக்கள் தொகை ஒளிந்திருக்கிறது. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஓர் ஓட்டின் மதிப்பு. தமிழ்நாட்டுக்கு அது 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் என்று கடலூர் மாவட்டத்தின் ஒன்பது எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்தால் 1,584. 2022-ல் திரௌபதி முர்மு 6,76,803 என்ற மதிப்பில் ஜெயித்தார் என்று செய்தியில் கேட்டோமே, அந்த எண் எம்.பி.க்களின் ஓட்டோடு இந்த மதிப்புகளும் கூடி வந்ததுதான்.

இந்த 176 எந்த வருடத்து மக்கள்தொகை? 1971. அன்றைக்குத் தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம் பேர். 1976-ல் வந்த 42-வது திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகப் பிரதிநிதித்துவத்தை இழந்துவிடக் கூடாது என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். பிறகு 84-வது திருத்தம் அந்த உறைநிலையை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

2011 கணக்கெடுப்பை வைத்து அதே வகுத்தலைச் செய்து பார்த்தால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டு 308 ஆகும், உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் ஓட்டு 496 ஆகும். 1971 கணக்கில் அவர்களுடைய 100-க்கு நம்முடையது 85 என்று நிற்பது, அப்போது 62 என்று இறங்கும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் 39 இடங்களைப் பற்றிய பயமும் இதே இடத்திலிருந்துதான் எழுகிறது. லக்னோவில் ஒருவர் கேட்கலாம்: “என் ஓட்டு மட்டும் ஏன் குறைவாக எண்ணப்பட வேண்டும்?” அந்தக் கேள்வியையும் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் நாடு கேட்டுக்கொண்டதைச் செய்து முடித்த மாநிலத்தின் குரல், செய்து முடித்த காரணத்தாலேயே தாழ்வது அநியாயம். இடங்களைப் பங்கிடும்போது மக்கள்தொகை ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்ற கோரிக்கையில் கட்சி வேறுபாடு பாராமல் தமிழ்நாடு உறுதியாக நிற்க வேண்டிய நேரம் இது. புதிய கணக்கெடுப்பின் எண்கள் வெளியானபின் தொகுதி மறுவரையறை தொடங்கும். 2008-ல் நடைமுறைக்கு வந்த கடந்த மறுவரையறையில் ஊர்கள் ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறின, தனித் தொகுதிகளின் பட்டியல் மாறியது, மாநிலத்தின் மொத்த இடங்கள் மட்டும் மாறவில்லை. அடுத்த முறை அந்த மொத்தமும் பேச்சுக்கு வரும். விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் இருப்பவர்கள் தங்கள் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் இதைப் பற்றி இப்போதே கேட்கலாம்.