யந்திரங்களுக்கு ஒரு காவல்

மின்விளக்கின் பொத்தானை அழுத்துகிறோம்; விளக்கு எரிகிறது. அதற்கு மேல் நாம் ஒன்றும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பொத்தானுக்கும் மின்சாரம் பிறக்கும் நிலையத்துக்கும் இடையே எத்தனை கம்பிகள், எத்தனை துணை மின்நிலையங்கள், எத்தனை மனிதர்கள்! முன்னாளில் ஒரு துணை நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டுமானால் ஓர் ஊழியர் அங்கே சென்று கையால் விசையைத் திருப்புவார். இந்நாளில் பல மைல்களுக்கு அப்பால் ஓர் அறையில் அமர்ந்திருப்பவர் கணினித் திரையைப் பார்த்தபடியே அந்த வேலையை முடித்துவிடுகிறார். குடிநீர்க் குழாயும் எண்ணெய்க் குழாயும், உர ஆலையும், துறைமுகத்துப் பாரந்தூக்கியும் இவ்வாறே கணினிகளோடு பிணைக்கப்பட்டுவிட்டன. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால், தொலைவிலிருந்து நம்மவர் இயக்கக்கூடிய விசையைப் பிறரும் தொலைவிலிருந்தே இயக்கக்கூடும் என்பதை உலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி பிற்பகல். உக்ரேன் நாட்டில் மின்சாரம் விநியோகிக்கும் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை ஒன்று. ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையிலிருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விசைகளைத் துண்டித்தது. அவர்களுடைய கை அதை நகர்த்தவில்லை. தடுக்கவும் அவர்களால் இயலவில்லை. அன்று மூன்று கம்பெனிகள் இவ்வாறு தாக்கப்பட்டன. ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் குளிர்காலத்தில் மின்சாரம் இன்றித் தவித்தனர். புகுந்தவர்கள் அன்று வந்தவர்கள் அல்லர். பல மாதங்களுக்கு முன்பே, நம்பத் தகுந்த கடிதம்போல் வந்த மின்னஞ்சலின் இணைப்பு ஒன்றை அலுவலக ஊழியர் திறந்தபோதே அவர்கள் உள்ளே வந்துவிட்டனர். சில மணி நேரத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்ததற்குக் காரணம், ஊழியர்கள் வண்டியேறித் துணை நிலையங்களுக்குச் சென்று பழைய வழக்கப்படி கையால் விசைகளைத் திருப்பியதே ஆகும்.

இத்தகைய அபாயம் நேர்வதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. ஆலைச் சாதனங்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் மொழிகளுள் மோட்பஸ் என்பது ஒன்று. 1979இல் வகுக்கப்பட்ட அது இன்றும் பல ஆலைகளில் வழங்குகிறது. அதன் மூல வடிவில், கட்டளையிடுபவர் யார் என்று வினவும் வழக்கமே இல்லை. பூட்டிய ஆலைக்குள், தெரிந்த யந்திரங்களிடையே வழங்குவதற்காகப் பிறந்த மொழிக்கு அவ்வினா தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அந்த ஆலையை வெளியுலகத்தோடு இணைத்தவர்கள்தாம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆலைச் சாதனங்களோ இருபது, முப்பது ஆண்டுகள் உழைப்பவை. இன்று யோசனையின்றி வாங்கி நிறுவும் ஒரு பெட்டி, நம் பிள்ளைகளின் காலத்திலும் அங்கேயே இருக்கும். ஆதலால் காவலைப் பின்னர் ஒட்டவைப்பது போதாது. வரைபடம் தீட்டும் நாளிலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

ஆலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழிகளை எண்ணி அளந்து காவல் செய்ய வேண்டும் என்று ஐ.இ.சி. 62443 என்னும் சர்வதேசத் தர வரிசை கூறுகிறது. இதன் பயனை நம் நாட்டிலேயே கண்டோம். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி ஒரு செய்தி பரவியபோது, அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டது. நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணினியில் தீய நிரல் காணப்பட்டது உண்மை என்றும், அந்த வலையமைப்பு முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அது தெரிவித்தது. நடுவே ஒரு சுவர் இருந்ததன் மதிப்பு அன்று விளங்கிற்று.

சுவர் இருந்தும் பூட்டாமல் விட்ட கதையும் உண்டு. 2017இல் சவூதி அரேபியாவின் எண்ணெய் ரசாயன ஆலை ஒன்றில், விபத்து நேராமல் ஆலையை நிறுத்துவதற்கென்றே அமைந்த பாதுகாப்புச் சாதனத்தையே பகைவர் தாக்கினர். அச்சாதனத்தில் கையால் திருகும் சாவி ஒன்று இருந்தது. அதை 'இயக்கம்' என்ற நிலையில் திருகி வைத்திருந்தால், வெளியிலிருந்து அதன் நிரலை மாற்றுவது கடினமாகியிருக்கும். சாவியோ 'நிரல் மாற்றம்' என்ற நிலையிலேயே விடப்பட்டிருந்தது.

இதுவரை கூறியது வாசல் வழியே புகும் பகைவரைப் பற்றியது. நாமே விலை கொடுத்து வாங்கி, நடுவீட்டில் வைக்கும் பண்டத்துக்குள் தீங்கு ஒளிந்து வந்தால் என்ன செய்வது? இதை விளக்க நம் தொழிலிலிருந்தே ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் யந்திரப் பாதுகாப்பு விதிகள் சிலவற்றைத் தமிழாக்க நேர்ந்தது. 'ஃபெயில் சேஃப்' என்ற ஆங்கிலத் தொடருக்குக் கைவசமிருந்த பழைய சொற்பட்டியல் ஒன்றில் 'பழுதுபடாத' என்று பொருள் எழுதியிருந்தது. நாமும் அதை அப்படியே எடுத்தாண்டோம். நெடுநாள் கழித்து, பணிக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி நம் மேஜையருகே வந்தார். "ஐயா, பழுதுபடாத யந்திரம் என்று ஒன்று உண்டா?" என்று கேட்டார். அப்போதுதான் பிழை புலப்பட்டது. பழுதுபட்டாலும் தீங்கு செய்யாத நிலையில் வந்து நிற்பது என்பதே அத்தொடரின் பொருள். பழைய ரயில்வே கைகாட்டியில் கம்பி அறுந்துபோனால் கை 'நில்' என்ற நிலைக்கே திரும்பிவிடும் அல்லவா? அதுதான். பழுதுபடாது என்று படிக்கிற தொழிலாளி அதைச் சோதித்துப் பார்க்கமாட்டார். எவ்வளவு பெரிய வேற்றுமை!

திருத்தம் அனுப்ப முனைந்தோம். அந்தச் சொல் எந்தெந்தக் கையேடுகளுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியல் எவரிடமும் இல்லை. பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்ற எண்ணமும் ஒரு கணம் எழுந்ததை மறைப்பானேன்?

மென்பொருள் உலகின் நிலையும் இதுவே. இன்று எந்த மென்பொருளையும் ஒருவரே முழுவதும் எழுதுவதில்லை. பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். லாக்4ஜே என்ற அத்தகைய சிறு பகுதி ஒன்றில் பெரிய ஓட்டை இருப்பதாக 2021 டிசம்பரில் தெரியவந்தது. திருத்தம் விரைவில் வெளிவந்தது. ஆனால், அந்தப் பகுதி தம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்று அறியாத ஸ்தாபனங்கள் உலகெங்கும் வாரக்கணக்கில் தேடி அலைந்தன. நம் சொல்லைத் தேடி நாம் அலைந்தது போலத்தான்.

ஓட்டை தானாக நேர்வது ஒரு வகை. வேண்டுமென்றே வைப்பது மற்றொரு வகை. 2017 ஜூன் 27ஆம் தேதி, உக்ரேனில் வரிக்கணக்கு எழுதப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் திருத்தப் பதிப்போடு நாட்பெட்யா என்னும் நாசநிரல் கலந்து பரவியது. கடமை தவறாமல் திருத்தப் பதிப்பை ஏற்றுக்கொண்டவர்களே முதலில் அடிபட்டார்கள். மேர்ஸ்க் என்னும் கப்பல் கம்பெனியின் கணினிகள் உலகெங்கும் முடங்கின. அதனால் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்கம்பெனியைச் சேர்ந்த சரக்குத் தளமும் தடைப்பட்டது. எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் இட்ட நஞ்சு நம் கடற்கரை வரை வந்துவிட்டது!

இன்னொன்று, மயிரிழையில் தப்பியது. எக்ஸ்இஸட் என்னும் சிறு மென்பொருளைப் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். உதவுவதாக வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நல்லவராகவே உழைத்து நம்பிக்கை பெற்று, பின்னர் அதில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, 'ஏன்?' என்று விடாமல் துருவி, 2024 மார்ச் 29ஆம் தேதி அதை ஊரறியச் செய்தார். எத்தனையோ கணினிகள் தப்பின.

செய்ய வேண்டியது என்ன? வாங்கும் மென்பொருளுக்குள் எவையெவை அடங்கியுள்ளன என்ற உட்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குவது முதற் கடமை. மருந்துப் புட்டியின்மேல் கேட்கிறோமே, அதுபோல. நம் நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் இப்பட்டியலுக்கான வழிகாட்டி நெறிகளை 2024இல் வெளியிட்டது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைக் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அது 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. மின்துறையில், நம்பத் தகுந்த இடத்திலிருந்தே சாதனம் வாங்க வேண்டுமென 2021ஆம் ஆண்டு நெறிகள் கூறுகின்றன. இவற்றோடு, கணினி முடங்கிய நாளில் ஆலையைக் கையால் நடத்தும் ஒத்திகையும் வேண்டும். உக்ரேனியரைக் காத்தது அதுவன்றோ?

ஆயினும் உத்தரவுகளைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தவறான மின்னஞ்சலைத் திறந்துவிட்ட குமாஸ்தா, "ஐயா, பிழை செய்துவிட்டேன்" என்று அக்கணமே வந்து சொல்லக்கூடிய அலுவலகமா நம்முடையது? சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். ஆறு மணி நேரம் ஆறு மாதமாகும். பழுதுபடாத யந்திரமும் இல்லை, தவறாத மனிதரும் இல்லை. பழுது நேர்ந்தாலும் தீங்கு பரவாதபடி யந்திரத்தையும் அலுவலகத்தையும் அமைப்பதே வருமுன் காக்கும் அறிவு.

அந்த இளைஞரின் கேள்விக்குப் பிறகு நாம் திருத்தக் கடிதங்கள் அனுப்பினோம். நான்கு இடங்களிலிருந்து மட்டுமே பதில் வந்தது. இதைக் கேட்கும் நேயர் எவரேனும் தம் ஆலையின் விதிப்புத்தகத்தில் 'பழுதுபடாத' என்ற சொல்லைக் காண நேர்ந்தால், அருள்கூர்ந்து அடித்துத் திருத்திவிட வேண்டுகிறோம்.