பெருமை பாடமாகாது



சமஸ்கிருதமும் இந்திய மரபறிவும் நவீனக் கல்வியோடு கலக்கலாமா என்று பேச அழைத்திருக்கிறீர்கள். நாட்டில் எந்த ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இந்தக் கொல்கத்தாவில் மட்டும் அதற்கு ஒரு விலாசம் உண்டு. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளை ஒட்டி பங்கிம் சாட்டர்ஜி தெருவுக்குள் நுழைந்தால் சமஸ்கிருதக் கல்லூரி. 1824 ஜனவரி 1 அன்று, பௌபஜாரில் ஒரு வாடகை வீட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்தின் பணத்தில் தொடங்கியது. 2016-இல் அது பல்கலைக்கழகமாகவும் ஆயிற்று. இன்று டெல்லியிலிருந்து புதுத் திட்டம் போல வந்து இறங்குகிறதே, அதை 200 ஆண்டுகளாகச் செய்து பார்த்த இடம் இது. அங்கே நடந்ததைப் படிக்காதவர்களுக்கு நாட்டின் பாடத்திட்டத்தில் கை வைக்கும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கல்லூரி திறக்கும் முன்பே அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர் யார் தெரியுமா? பாதிரியார் அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல. உபநிடதங்களை வங்காளியில் பெயர்த்து, அதற்காக வசவும் வாங்கிய ராஜா ராம்மோகன் ராய். 1823 டிசம்பர் 11 தேதியிட்டு கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு அவர் கடிதம் எழுதினார். இலக்கண நுணுக்கத்திலும் தத்துவ விசாரத்திலும் இளைஞர்களின் ஆண்டுகள் கழிவதற்கு அரசுப் பணம் எதற்கு, கணிதம் கற்றுக்கொடுங்கள், வேதியியல் கற்றுக்கொடுங்கள், உடற்கூறு கற்றுக்கொடுங்கள் என்று வாதாடினார். அதே ராய் அடுத்த சில ஆண்டுகளில் தாமே ஒரு வேதாந்தக் கல்லூரி நடத்தினார். அங்கே மேற்கத்தியப் படிப்பும் சேர்ந்தே இருந்தது. பழைய நூல்களை அவர் வெறுக்கவில்லை. பழைய நூல்களோடு படிப்பு முடிந்துபோவதைத்தான் எதிர்த்தார்.

கம்பெனி அவர் பேச்சைக் கேட்கவில்லை. கல்லூரி திறந்தது. பிராமணர், வைத்தியர் என்ற இரண்டு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும்! அரசுப் பணம், இரண்டே சாதிகள். அறிவு இந்த மண்ணுடையது என்று பெருமை பேசலாம். அந்த மண்ணை உழுதவன் பிள்ளைக்கு அந்த அறிவு இல்லை என்பதையும் சேர்த்தல்லவா பேச வேண்டும்?

அந்தக் கல்லூரியில்தான் 1829-இல் ஒன்பது வயது நிரம்பாத பையன் ஒருவன் சேர்ந்தான். மிட்னாப்பூர் ஜில்லா பீர்சிங்கா கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு ஆண்டுகள் இலக்கணம், காவியம், அலங்காரம், வேதாந்தம், நியாயம், ஸ்மிருதி என்று எதையும் விடாமல் படித்து வித்யாசாகர் என்ற பட்டம் பெற்றான். 1851-இல் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அதே கல்லூரிக்கு முதல்வர் ஆனார். நண்பர்களே, மரபறிவையும் நவீனக் கல்வியையும் கலக்க வேண்டும் என்பவர்கள் எல்லாரும் முதலில் வாசிக்க வேண்டியது இந்த மனிதரின் எட்டாண்டு நிர்வாகத்தைத்தான்.

வந்ததும் கதவில் கை வைத்தார். காயஸ்தரைச் சேர்த்தார்; 1854-இல் மற்ற இந்துக்களுக்கும் வழி விட்டார். பண்டிதர்கள் கொதித்தார்கள். வெள்ளைக்காரருக்குக் காசு வாங்கிக்கொண்டு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிற நீங்கள், சூத்திரனுக்குச் சொல்லித்தர மாட்டோம் என்பது எந்த நியாயம் என்று கேட்டார். மறுமொழி இல்லை. ஆனால் அந்தக் கதவும் முழுசாகத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்புள்ள குடும்பம் என்ற வேலி நின்றது. தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் முஸ்லிம்களும் வெளியேதான் நின்றார்கள். வித்யாசாகர் திறந்ததைவிட அகலமாகத் திறப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்து மொழி. முக்தபோதம் என்ற இலக்கணத்தை சமஸ்கிருதத்திலேயே மனப்பாடம் செய்து பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மாய்ந்தார்கள். அவர் சமஸ்கிருத இலக்கணத்தை வங்காளியில் எழுதிக் கையில் கொடுத்தார். உபக்கிரமணிகா என்ற அந்தச் சிறுநூல் 1851-இல் வந்தது. கணக்குக்கு லீலாவதி என்ற பழைய கணித நூலை நிறுத்திவிட்டு, ஆங்கில வழியில் வந்த புதிய கணிதத்தை வைத்தார். அதை எழுதிய பாஸ்கராச்சாரியாரை இழிவுபடுத்தவா? இல்லை. பாஸ்கரரை வரலாற்றில் வணங்கலாம். மாணவனுக்கோ இன்றைய கணக்கு வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. 1853-இல் காசி சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர் பாலண்டைன் இங்கே வந்து பார்த்தார். இந்திய மரபும் மேற்கத்திய மரபும் சொல்வது ஒன்றுதான் என்று மாணவருக்குப் புரியவையுங்கள், அதற்கு இசைவான மேற்கத்திய நூல்களை வையுங்கள் என்று யோசனை சொன்னார். கேட்க இனிமையான யோசனை. இன்றைய கமிட்டிகள் பேசுவதும் இதையேதான். வித்யாசாகர் மறுத்து எழுதினார். வேதாந்தமும் சாங்கியமும் தவறான தத்துவங்கள், அதில் இனி விவாதமே இல்லை என்று ஓர் அரசுக் கடிதத்தில் எழுதினார்! எழுதியவர் யார்? அதே வேதாந்தத்தைக் கரைத்துக் குடித்த பிராமணப் பண்டிதர். அவற்றை நீக்கவும் இல்லை. சமஸ்கிருதப் படிப்பு என்றால் அவையும் இருக்கத்தான் வேண்டும். அவற்றைப் படிக்கும் மாணவனுக்குப் பக்கத்திலேயே எதிர்வாதமும் இருக்கட்டும், அவனே எடை போடட்டும் என்றார். ஆங்கிலத் தத்துவவாதி மில் எழுதிய தர்க்க நூலை வைக்கச் சொன்னார். வேதாந்தம் போலவே உலகைக் கருத்தாகக் கரைக்கும் பெர்க்லியின் நூல் வேண்டாம் என்றார்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் சொன்னார். அறிவியல் உண்மை ஒன்றின் சாயல் சாஸ்திரத்தில் தென்பட்டால், நம் பண்டிதர்களுக்கு அந்த உண்மையின்மேல் மரியாதை பிறப்பதில்லை. பார்த்தாயா, அப்போதே சொல்லிவிட்டோம் என்ற வெற்றிக் களிப்புதான் பிறக்கிறது, சாஸ்திரத்தின்மேல் இருந்த குருட்டு நம்பிக்கை இரட்டிப்பாகிறது என்ற பொருளில் எழுதினார். 1853-இல்! விமானமும் அணுவும் எங்கள் நூலில் உண்டு என்று மேடைகளில் முழங்குகிறவர்களுக்கு, அவர்கள் பிறக்கும் முன்பே, சமஸ்கிருதக் கல்லூரி முதல்வரின் மேசையிலிருந்து பதில் போய்விட்டது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2020-இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அதே ஆண்டு இந்திய அறிவு மரபுக்கென்று மத்தியக் கல்வி அமைச்சகத்தில் ஒரு பிரிவும் வந்தது. 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு, மொத்தக் கிரெடிட்டில் குறைந்தது 5 விழுக்காடு மரபறிவுப் பாடமாக இருக்கட்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பாடம் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த 5 விழுக்காட்டில் விசாரணை நடக்குமா, ஆராதனை நடக்குமா என்பதே என் கவலை. கவலைக்குக் காரணம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த மாநிலத்துக் கரக்பூர் ஐ.ஐ.டி. 2022-ஆம் ஆண்டுக்கு ஒரு காலண்டர் போட்டது. ஆரியர் வருகை என்பதே காலனி ஆட்சியாளர் கட்டிய கதை என்று பக்கத்துக்குப் பக்கம் வாதம். மரபணு ஆய்வு என்ன சொல்கிறது, அகழாய்வு என்ன சொல்கிறது, மொழியியல் என்ன சொல்கிறது என்று எதிர்த்தரப்பை எடை போட்டுப் பார்க்கும் இடம் காலண்டர் அல்லவே! ஆய்வேட்டில் வைத்து நிரூபிக்க வேண்டியதைச் சுவரில் மாட்டிவிட்டால் அது அறிவாகிவிடாது. நாட்டின் தலைசிறந்த பொறியியல் நிறுவனம் ஒன்றிலிருந்து இது வந்ததுதான் என்னைச் சுடுகிறது.

மரபும் நவீனமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட வேறு எங்கும் போக வேண்டாம். மதுசூதன் குப்தா. சமஸ்கிருதக் கல்லூரியின் வைத்திய வகுப்பு ஆசிரியர், சுசுருத சம்ஹிதையைப் பதிப்பித்தவர். பிணத்தை நீரில் ஊறவைத்து, அடுக்கடுக்காக நீக்கிப் பார்த்து உடலைக் கற்றுக்கொள் என்று சுசுருதர் எழுதிவைத்திருந்தார். பின்னாளில் வந்தவர்கள் சுலோகத்தை வைத்துக்கொண்டார்கள், கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். பிணம் தொட்டால் தீட்டு! 1835-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி வந்ததும் குப்தா அங்கே போனார். ஹூப்பரின் ஆங்கில உடற்கூறு நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தார். 1836-இல் மாணவர்களோடு நின்று தம் கையாலேயே பிணம் அறுத்தார். சுசுருதரை உண்மையில் மதித்தவர் அவர்தான். சுசுருதர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, செய்தார்.

இன்னொரு கேள்வியும் பாக்கி. இந்திய அறிவு என்றால் சமஸ்கிருதம் மட்டும்தானா? தமிழர் கூட்டத்தில் இதைக் கேட்காமல் இறங்க முடியாது. அதற்கும் சமஸ்கிருதக் கல்லூரியிலேயே விடை இருக்கிறது. ஹரபிரசாத் சாஸ்திரி அங்கே முதல்வராக இருந்த காலத்தில், 1907-இல், நேபாள அரண்மனை நூலகத்தில் சர்யாபதச் சுவடியைக் கண்டெடுத்தார். பௌத்த சித்தர்களின் பாடல்கள். டோம்பர், சபரர் என்ற விளிம்புநிலை மக்களும் படகோட்டிகளும் வருகிற பாடல்கள். வங்காளி தன் மொழியின் தொடக்கமாகக் கொண்டாடும் நூலைச் சமஸ்கிருதப் பண்டிதர்தான் தேடிக் கொடுத்தார். அவருக்குப் பின் முதல்வரான சதீஷ் சந்திர வித்யாபூஷண் இந்தியத் தர்க்கத்தின் வரலாற்றை எழுதத் தாம் கற்றிருந்த பாலியையும் திபெத்திய மொழியையும் பயன்படுத்தினார். ஏன்? பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் முதன்மையான நூல் திபெத்தியப் பெயர்ப்பில்தான் முழுமையாகத் தங்கியிருந்தது. திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அந்தப் பௌத்த அளவைவாதத்தை நாம் எங்கே படிக்கலாம்? மணிமேகலையின் 29-ஆம் காதையில், தமிழில்!

ஒரே ஒரு பாடத்திட்டம் இப்படிப் போடட்டும்: திக்நாகரைத் திபெத்தியம் வழியாகவும், நியாய மரபினரான நையாயிகரின் மறுப்பைச் சமஸ்கிருதத்திலும், மணிமேகலையைத் தமிழிலும், மில்லை ஆங்கிலத்திலும் ஒரே வகுப்பில் மோதவிடும் பாடம். அதற்கு நான் முதல் மாணவனாகப் போய் உட்காருவேன். 1780-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிய கல்கத்தா மதரஸாவும் இன்று ஆலியா பல்கலைக்கழகமாக இதே நகரத்தில் இருக்கிறது. அங்கே பேணப்பட்ட அரபு, பாரசீகப் படிப்பும் இந்திய மண்ணில் வளர்ந்த அறிவுதான். அதை விட்டுவிட்டு மரபறிவு என்று பட்டியல் போட்டால் அது அரைகுறைப் பட்டியல்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சமஸ்கிருதம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் திருப்பும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதன் பெயரால் நம்மைத் தள்ளிவைத்த வரலாறு இருப்பதால் அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் பூட்டியிருந்த கதவு திறக்கும்போது உள்ளே போக மறுப்பது பூட்டியவனுக்கே லாபம். 1855-இல் விதவை மறுமணத்துக்கு வாதாடிய வித்யாசாகர் எதைக் காட்டினார்? பராசர ஸ்மிருதியை! அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் இந்த ஊரில் கல்யாணமும் நடந்தது. சாஸ்திரம் படித்ததால்தான் சாஸ்திரிகளை மடக்க முடிந்தது. இன்னொரு பக்கம், குமரிக்கண்டத்தை நிலவியல் பாடமாக வை என்று நம்மவர் யாராவது கேட்டால், கரக்பூர் காலண்டரை எதிர்த்த அதே குரலில் அவரையும் எதிர்ப்பேன். தமிழ்ப் பெருமைக்கு ஓர் அளவுகோல், சமஸ்கிருதப் பெருமைக்கு வேறு அளவுகோல் என்றால் நாம் பேசுவது கல்வி அல்ல, கட்சி.

கல்லூரிப் பிள்ளைகளே, கடைசியாக உங்களிடம். அடுத்த பருவத்தில் மரபறிவுப் பாடம் விருப்பப் பட்டியலில் வந்தால் ஒதுங்காதீர்கள், சேருங்கள். ஆசிரியர் இது எங்கள் நூலில் அன்றே இருந்தது என்று சொன்னால் மரியாதையோடு எழுந்து நில்லுங்கள். எந்த நூல், எந்தச் சுலோகம், எந்த நூற்றாண்டு, யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் தருகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்காக உங்களை உட்காரச் சொன்னால், துறைத்தலைவருக்கு எழுதுங்கள், துணைவேந்தருக்கு எழுதுங்கள். அவர்களிடமும் பதில் வராவிட்டால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பெற்றோர்களே, அன்றைக்குப் பிள்ளையின் பின்னால் நில்லுங்கள்.