மகிழின் அடியில் சொன்ன சொல்



மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையைக் கண்டு களிக்க இத்திருவொற்றியூரிலே கூடியிருக்கின்றீர்கள். தலமரமாகிய மகிழை வலம் வருவோர் பலர். அது மருந்து மரமும் ஆகும் என்று நினைப்போர் சிலர். அதன் பட்டை துவர்ப்புடையது. பட்டையிட்டுக் காய்ச்சிய நீரால் வாய் கொப்பளிப்பது குருதி கசியும் ஈறுக்கு நம் பாட்டிமார் கண்ட முறை. பூவோ உலர்ந்த பின்னும் மணம் மாறாதது. அதனைப் பொடித்துத் தலைநோவுக்கு முகர்வதும் உண்டு.

இம்மகிழின் அடியிலேதான் சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாருக்கு வாக்களித்தார். பெருமானைக் கருவறை விட்டு மகிழில் எழுந்தருளியிருக்குமாறு முன்னரே வேண்டிக்கொண்டு, சந்நிதியில் சூளுரைக்க வந்தார். சங்கிலியாரின் தோழியரோ, "மகிழின்கீழ்ச் சூளுரைத்தலே போதும்" என்றனர். ஒற்றியூரைப் பிரியேன் என்று அங்கே சொன்ன சொல், ஆரூர் வசந்த விழாவின் நினைவு வந்தபோது தவறிற்று. ஊர் எல்லையைக் கடந்ததும் இருகண்ணும் மறைந்தன. அவர் தம் பிழையை மறைத்தாரல்லர், பாடி முறையிட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். (அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது. அங்கே தேங்கும் கொசஸ்தலையாறே நம் எண்ணூரில் கடலோடு கலப்பது.)

கண் என்றதும் அடியேனுடைய சிற்றன்னையார் நினைவுக்கு வருகின்றார். இராயபுரத்திலே வாழ்ந்தவர். மீன் ஆயும்போது செதிள் ஒன்று கண்ணில் தெறித்தது. அண்டையில் இருந்த ஒருவர் ஏதோ பச்சிலைச் சாற்றைப் பிழிந்து விட்டு, "மூன்றே நாளில் தெளிந்துவிடும்" என்று உறுதி கூறினார். நான்காம் நாள் கருவிழியில் வெண்புள்ளி தோன்றியது. 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கல் தொலைவே. அங்குச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. கீறல் பட்ட விழியில் காய்ச்சாத சாறு கிருமியையும் பூஞ்சையையும் கொண்டு சேர்க்கும் என்று அங்கே விளக்கினர். சாறு விட்டவர் தீயவர் அல்லர். கூலி கூட வாங்கவில்லை. அறியாததை அறிந்தவர்போல் சொன்னார், அவ்வளவே. சிற்றன்னையார் எஞ்சிய ஒரு கண்ணால்தான் இறுதிவரை தியாகேசரைத் தரிசித்தார்.

இதனால் பச்சிலையை இகழ்கின்றேன் என்று கொள்ளற்க. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது நம் இல்லந்தோறும் உள்ள வழக்கம். இதனைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள், மஞ்சட்காமாலைக் கிருமிகளுள் ஒன்றைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் என்பாருடன் சேர்ந்து சோதித்தனர். அக்கிருமியை நெடுநாள் உடலில் சுமந்தோருள் 37 பேர் முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி உண்டனர். அவர்களுள் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் நீங்கிற்று. வெறும்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே நீங்கிற்று. 1988இல் இலண்டன் மருத்துவ ஏடாகிய 'லான்செட்' இதனை வெளியிட்டபோது நாம் பூரித்தோம். பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. முன்னதை மேடைதோறும் முழங்குவோர் பின்னதைச் சொல்வதில்லை. காமாலையும் ஒரே நோயன்று. சில தாமே தணியும். புகழ் கீரைக்குப் போகும். பித்தக்குழாயைக் கல் அடைத்ததால் வந்ததாயின் எந்தக் கீரையும் கல்லை எடுக்காது. மருந்து சொல்பவன் இரண்டையும் சொல்ல வேண்டாவா?

இத்தலத்தை நெஞ்சுருகிப் பாடிய வள்ளலார் 485 மூலிகைகளின் குணங்களை அட்டவணையாக எழுதிவைத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றை நாள்தோறும் கொள்ளச் சொன்னார். அக்கரிசாலை ஈரநிலத்தில் வளர்வது. இன்று நம் பகுதியில் அது எங்கே முளைக்கின்றது? ஆலைக்கழிவு ஓடும் கால்வாய்க் கரையில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்ததையும், மீனவர் அதனைக் கையால் அள்ளியதையும் நாம் அறிவோம். நிலத்தில் உள்ளதைச் செடி உறிஞ்சும். அக்கரையில் பறித்த கீரையை "வள்ளலார் சொன்ன மூலிகை" என்று கட்டுக்கட்டி விற்பவர் பெயரைச் சரியாகவே சொல்கின்றார். ஆயினும் சொன்னது மெய்யன்று. எங்கே பறித்தீர் என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியிலே இரண்டு செடி வைத்தால் இன்னும் நன்று.

நாகசுரம் கேட்கின்றது. சுவாமி மகிழடிக்கு எழுந்தருளும் நேரம். அடியேன் இவ்வளவில் அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.