தந்தையார் விட்டுச் சென்ற கைக்கடிகாரம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மும்பை மாநகரில் குடியேறிய நம்மவரின் நிலமும் வீடும் பெரும்பாலும் ஊரிலேயே நின்றுவிட்டன. தலைமுறை கடந்து நம் கைக்கு வந்தவை சில வெண்கலப் பாத்திரங்களும், பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றிய ஒரு கைக்கடிகாரமுமே. அதை இன்னதென்று அறிவதும் அதன் பெறுமானத்தைக் கணிப்பதும் எவ்வாறு என்று கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். நாங்கள் இத்துறை வல்லுநர் அல்லோம், பட்டறிந்தவர்கள்.

எங்கள் தந்தையார் பம்பாய்க்கு வேலைக்கு வந்த புதிதில் வாங்கியது 'வெஸ்ட் எண்ட்' கடிகாரம்; சோவார் பிரைமா என்னும் வகை. சோவார் என்றால் குதிரைவீரன். 1886இல் தோன்றிய அச்சுவிஸ் நிறுவனம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாணிபம் செய்தது. தந்தையார் மறைந்த ஓராண்டில், பழுப்பேறிய முகப்பைக் கண்டு மனம் பொறாமல், உடன்பிறந்தார் மூவரும் கூடி அதனை ஒரு கடையில் புதுப்பிக்கக் கொடுத்தோம். பளீரென்ற வெண்மையும் சிவப்பு நொடிமுள்ளுமாகத் திரும்பி வந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். தங்கை மட்டும், "அப்பா நாள்தோறும் பார்த்த முகம் இதுவன்றே" என்றாள். பின்னர் ஒரு முதியவர் பூதக்கண்ணாடியில் நோக்கி, இயந்திரம் மெய், முகம் பொய் என்றார். பெறுமானத்திற் பாதிக்கு மேல் அந்தச் சாயத்தோடு போயிற்று. இவ்வாறு சாயம் பூசியவற்றைப் பிறநாட்டுச் சேகரிப்போர் 'மும்பை ஸ்பெஷல்' என்று எள்ளுகின்றனராம். நம் ஊருக்கு வாய்த்த பெருமை!

ஆதலின் முதலில் முகப்பைப் பாருங்கள். பழைய மெய்முகப்பில் எழுத்துகள் மெல்லியனவாய், ஓரம் கூர்மையாய் இருக்கும்; மறுபூச்சில் மை பரவியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு பொருந்தா. அடுத்து, பின்மூடியைக் கத்தியால் நெம்பாமல், தேர்ந்த பழுதுபார்ப்போரைக் கொண்டு திறந்து, உள்ளே பொறித்த பெயரும் முகப்பின் பெயரும் ஒத்துள்ளனவா என்று காணவேண்டும். பொன்னிறம் கண்டு மயங்கலாகாது. பின்மூடி துருப்பிடிக்கா எஃகு என்று பொறித்திருந்தால் மேற்கூடு பெரும்பாலும் முலாமே. 18 காரட் தங்கமாயின் 750 என்ற முத்திரையைத் தேடுக.

'17 கற்கள்' என்ற சொல்லைக் கண்டு, உள்ளே 17 மாணிக்கங்கள் இருப்பதாக நம்பிய உறவினர் ஒருவர் எங்களுக்கு உண்டு. அவை ஆலையில் செய்த செயற்கை மாணிக்கங்கள். சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழலத் தாங்கிகளாக அமைந்தவை. பெயர்த்தெடுத்தால் சில்லறையும் கிடைக்காது.

இருளில் ஒளிரும்படி பூசிய பழைய முகப்புகள் சிலவற்றில் ரேடியம் உண்டு. ஒளி மங்கிவிட்டது, இனித் தீங்கில்லை என்று எண்ணற்க. ஒளிரும் பூச்சே கெட்டது. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். குழந்தைகள் கையில் கொடுத்துச் சுரண்ட விடாதீர்கள்.

நம் இல்லங்களில் மிகுதியாய் இருப்பவை எச்.எம்.டி. கடிகாரங்கள். 1961இல் பெங்களூரில், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு அத்தொழில் தொடங்கிற்று. தொடக்கக் காலத்தவை சிலவற்றின் முகப்பில் இரு பெயர்களும் காணும், அவை அரியவை. சாவி கொடுக்கும் 'ஜனதா' எண்ணற்ற கைகளில் இருந்தது, ஆகவே விலை அடக்கமானதே. 2016இல் அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தபின், பழைய உறுப்புகளைக் கூட்டிப் புதியது போல விற்பவர்களும் தோன்றினர்.

விலையைப் பற்றி ஒன்றே சொல்வோம். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலங்களில் அதே வகை, அதே நிலையில் விற்ற தொகையைப் பாருங்கள். வாங்க விரும்புபவரையே மதிப்பிடக் கேளாதீர்கள். இரசீதும் பெட்டியும், தந்தையார் அதை அணிந்த நிழற்படமும் இருந்தால் கடிகாரத்தோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் கடிகாரத்தை விற்கவில்லை. ஆண்டுக்கு ஒருவர் இல்லத்தில் வைத்துக்கொள்கிறோம். இவ்வாண்டு தங்கையின் முறை. நாள்தோறும் காலையில் சாவி கொடுக்கிறாள். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது என்று எழுதியிருக்கிறாள்.