எழுத்தறிந்து வெட்டுவோம்



ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, குறித்த நீளத்துக்குள் அடக்குவது நிரலாளர் நாள்தோறும் செய்யும் வேலை. கைப்பேசி அறிவிப்பு, தரவுத்தளப் புலம், குறுஞ்செய்தி என எங்கும் அதற்குத் தேவை உண்டு. ஆனால், கணினி எண்ணுவது நம் எழுத்துகளை அன்று. தமிழின் 247 எழுத்துகளில் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 ஆகிய 31 மட்டுமே யூனிகோடில் ஒற்றைக் குறிப்புள்ளியில், அதாவது ஒரே குறியெண்ணில், அடங்குபவை. எஞ்சிய 216-க்கும் இரண்டிரண்டு வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே ‘மொழி’ நமக்கு 2 எழுத்து. பைத்தானின் நீளக் கணக்கில் 4. சேமிப்பில் 12 பைட்.

பைட் கணக்கில் வெட்டினால் குறிப்புள்ளியே உடையக்கூடும். திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். அது கண்ணில் படும் பிழை, திருத்திவிடலாம். குறிப்புள்ளிக் கணக்கில் வெட்டும்போதுதான் பெருங்கேடு. ‘மணி’ ‘மண’ ஆகும். ‘பால்’ ‘பால’ ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது. பட்டாவிலோ மருத்துவப் பதிவிலோ ஒருவர் பெயர் இப்படிக் குறைந்துபோனால், திருத்தம் கேட்டு அலைய வேண்டியவர் அவரே. கடவுச்சொல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. கடவுச்சொல்லைக் காக்கும் பிகிரிப்ட் முறை அதன் முதல் 72 பைட்டை மட்டுமே பயன்படுத்தும். தமிழில் அது வெறும் 24 குறிப்புள்ளி. அதற்கு மேல் உள்ளதைப் பல செயலாக்கங்கள் சொல்லாமலே விட்டுவிடும்.

வழி இல்லாமல் இல்லை. யூனிகோடின் 29-ஆம் இணைப்பு, உரையை எழுத்துத் தொகுதிகளாகப் பிரிக்கும் விதிகளைத் தருகிறது. தமிழ் ‘நி’ அங்கேயே எடுத்துக்காட்டாக உள்ளது. ஸ்விஃப்ட் மொழி அவ்விதிப்படியே எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கெனச் செக்மென்டர் கருவி இருக்கிறது. ஆயினும் அந்தப் பொதுவிதி ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகவே பிரிக்கும். ‘ஸ்ரீ’க்கும் அதே கதி. இந்தக் குறையை நிறைவுசெய்யும் பொறுப்பு தமிழ் அறிந்த நம்முடையது.

இந்தக் கருத்தரங்க அவை மூன்றைத் தீர்மானமாக ஏற்க வேண்டும் என விழைகிறேன். முதலாவது, வெட்டுவது காட்சிக்கு மட்டுமே இருக்கட்டும். சேமிப்பில் இடம் போதாவிட்டால் நிரல் மறுத்து, பயனருக்குக் காரணம் சொல்லட்டும். இரண்டாவது, பைட் வரம்பு தவிர்க்க முடியாத இடத்தில், வெட்டுமுனை முந்தைய முழு எழுத்தின் முடிவுக்குப் பின்வாங்கட்டும். மூன்றாவது, ஒவ்வொரு நிரலின் சோதனைத் தொகுப்பிலும் புள்ளியில் முடியும் சொல்லும், கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தும், ‘ஸ்ரீ’யும் இடம்பெறட்டும்.

கட்டுரையாளர்கள் தத்தம் நிரல்களை இந்த மூன்று தீர்மானங்களின்முன் நிறுத்திக் காட்ட வேண்டுகிறேன். குறுக்கப்பட்ட பின்னும் தமிழ் தமிழாகவே இருக்க வேண்டும். அதற்கான விதிகளை வகுத்துத் தாருங்கள் எனக் கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.