வாக்காளர் இடாப்பும் வன்னி மக்களும்

(வன்னியில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்துவிட்டால் எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பது என்று சந்திதோறும் விவாதிக்கிறோம். இடாப்பில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவைத்தவர் நம்முள் எத்தனை பேர்?

ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வாக்குத்தானே போகிறது என்று எண்ணாதீர்கள். பாராளுமன்றத்துக்கு மாவட்டவாரியாகத் தெரிவாகும் ஆசனங்கள் 196. மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் ஒதுக்கப்படும். மிகுதி 160 ஆசனங்களும் மாவட்டத்தில் பதிவான வாக்காளரின் தொகையைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. வாக்களித்தவர் தொகையை அங்கே எவரும் கேட்பதில்லை. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 உறுப்பினரை அனுப்பிற்று. 2015 இல் அது 7 ஆயிற்று. 2024 இல் 6 ஆயிற்று. வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாருடன் சேர்ந்த வன்னி மாவட்டத்துக்கும் அந்த 2024 தேர்தலில் ஆறே ஆசனங்கள். போரில் மாண்டவரையும் கடல் கடந்து போனவரையும் இடாப்பில் ஏற்ற நம்மால் முடியாது. ஆனால் இரணைமடு நீரில் நெல் விளைத்துக்கொண்டு, இங்குள்ள பாடசாலையிலே படிப்பித்துக்கொண்டு, இடாப்பில் மட்டும் இல்லாதிருப்பவரை என்னென்பது?

இடாப்பிலிருந்து அகற்றப்படுவதன் கொடுமை இம்மண்ணுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1947 இல் வாக்களித்த அம்மக்களுள் மிகப் பலர் 1952 தேர்தலில் வாக்கற்றவராய் நின்றனர். 1958, 1977 வன்செயல்களின் பின் அவர்களுட் பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிக் காட்டைக் கழனியாக்கின. நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற உரிமையை ஒரு படிவம் நிரப்பாமல் இழப்பதா?

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெப்ரவரி 1 ஆந் திகதியை வைத்தே ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தப்படுகிறது. காலபோக அறுவடைக் காலம், வீட்டில் ஆளிருக்காது. ஆகவே கிராம அலுவலரை (நம் முதியோர் நாவில் இன்னும் அவர் விதானையார்தான்) நாமே தேடிச் செல்லவேண்டும். நீக்கவும் சேர்க்கவும் கருதிய பெயர்களின் பட்டியல் பின்னர் அவர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் வைக்கப்படும். அதைப் பார்த்துக் குறித்த நாளுக்குள் முறையிடலாம். மணமுடித்து வேற்றூர் வந்த பெண்களின் பெயரை முதலில் தேடுங்கள். பிறந்த வீட்டிலும் வெட்டுண்டு, புகுந்த வீட்டிலும் சேராமற்போவது அவர்கள் பெயரே.

வாக்களிப்பு நிலையத்துக்குத் தேசிய அடையாள அட்டையோ ஏற்கப்படும் வேறோர் ஆளடையாள ஆவணமோ வேண்டும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை மட்டும் போதாது. ஆளடையாளம் எதுவுமே இல்லாதவர் தேர்தல் அலுவலகம் வழங்கும் தற்காலிக அட்டைக்குக் கிராம அலுவலர் மூலம் நேரகாலத்தோடு விண்ணப்பிக்கலாம். தேர்தற் கடமைக்குச் செல்லும் உத்தியோகத்தருக்குத் தபால் வாக்கு உண்டு. அதற்கும் முடிவுத் திகதி உண்டு.

பாராளுமன்றத் தேர்தலில் முதற் புள்ளடி கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு. அதன்பின் அதே பட்டியலிலுள்ள வேட்பாளரின் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் இடலாம். கட்சியை விட்டு இலக்கத்துக்கு மட்டும் இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். இரு கட்சிகளுக்கு இட்டாலும் அதே கதி. இலக்கங்கள் மூன்றைத் தாண்டினால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போகும். படித்தவர் சிலருக்கு வாக்குச் சீட்டைக் கண்டதும் கட்டுரை எழுதும் ஆசை பிறக்கிறது. அருள்கூர்ந்து பத்திரிகைக்கு எழுதுங்கள்!

வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 இல் நடந்த தேர்தலிலும் விருப்பு வாக்கு முறையே இருந்தது. கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6 என வன்னியின் இம்மூன்று மாவட்டங்களும் அச்சபையில் 15 இடங்களைப் பெற்றன. 2018 அக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. மறு தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 2013 இல் பால் மணம் மாறாதிருந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். பெப்ரவரிக்குப் பின் 18 வயது நிறைவோருக்கு, 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி துணை இடாப்பும் உண்டு. இங்கிருக்கும் ஆசிரியர்களே, திங்கட்கிழமை வகுப்பில் 18 நிறைந்தவர் யார் யார் என்று கேளுங்கள்.